உழவர் சந்தையில் ஆளுக்கு ஐம்பது ரூபாய்: பிள்ளைகளுக்குக் காய் பழம் ருசி காட்ட ஏற்ற இடமா?

பிள்ளைகளுக்குக் காய்கறி சாப்பிடப் பழக்குகிறேன் என்று கிளம்பினால் கடையில் சாமானுக்குக் குறைவே இல்லை. சிரிக்கிற முகம் வரைந்த தட்டு, கேரட்டை நட்சத்திரமாக நறுக்கும் அச்சு, காய்ப் படம் போட்ட சீட்டுக்கட்டு, பாலில் கலக்கச் சொல்லும் காய்கறிச் சத்து மாவு, ஞாயிற்றுக்கிழமை மாலில் நடக்கும் குட்டிச் சமையல் வகுப்பு. எங்கள் வீட்டில் இரண்டாம் வகுப்புப் பையனும் நான்காம் வகுப்புப் பெண்ணும் இருப்பதால் இதில் பாதி எங்கள் அலமாரியில் இருக்கிறது. தட்டு நல்ல தட்டுதான், இட்லி வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் எதில் காசைப் போடலாம் என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது உழவர் சந்தையைத்தான், அதுவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பையை அவர்கள் கையில் கொடுத்து, விடிகாலையில். சில குறைகள் இருக்கின்றன, அதையும் எழுதுகிறேன், சிலது கொஞ்சம் கடுப்பாகவே இருக்கும்.

உழவர் சந்தை பற்றித் தெரியாத ஆள் நம் ஊரில் குறைவு, ஆனாலும் இளம் பெற்றோர் பலர் ஆப்பில் ஆர்டர் போட்டே பழகிவிட்டதால் உள்ளே கால் வைத்ததில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தை திறந்தது. குழந்தைகள் தினத்தில் திறந்தது தற்செயலா என்னவோ. விளைவித்தவரே நேரடியாக விற்க வேண்டும், நடுவில் தரகர் கிடையாது என்பதுதான் மொத்தத் திட்டமும். விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, கடைக்கு வாடகை கிடையாது, தராசு சந்தையிலேயே கொடுக்கிறார்கள், மூட்டையை அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் இல்லாமல் ஏற்றி வரலாம். விலையை தினமும் காலையில் நிர்ணயித்து வாசலில் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள், மொத்த விலையை விடக் கூட, வெளிக்கடை விலையை விடக் குறைய.

இந்தப் பலகைதான் பிள்ளைகளுக்கு முதல் வேலை. இரண்டாம் வகுப்புப் பையனுக்குத் தமிழ் வாசிப்பு இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது, பாடப் புத்தகத்தை நீட்டினால் கொட்டாவி விடுகிறவன் இங்கே எழுத்துக் கூட்டி 'கொத்-த-வ-ரை' என்று சத்தமாக வாசிக்கிறான், ஏனென்றால் அவன் கையில் ஐம்பது ரூபாய் இருக்கிறது, எதை வாங்கலாம் என்பது அவன் பிரச்சினை. கிலோ நாற்பது என்றால் கால் கிலோ எவ்வளவு என்று அக்காவிடம் கேட்கிறான், அவள் உடனே சொல்லிவிடாமல் பந்தா பண்ணுகிறாள். அந்தச் சண்டையை நான் தீர்ப்பதில்லை.

எங்கள் ஏற்பாடு இதுதான். ஆளுக்கு ஐம்பது ரூபாய். அதில் ஒன்றாவது இதுவரை சாப்பிடாததாகவோ, போன முறை பிடிக்கவில்லை என்று சொன்னதாகவோ இருக்க வேண்டும். மீதி அவரவர் இஷ்டம். விற்பவரிடம் அவர்களேதான் பேச வேண்டும், பேர் கேட்க வேண்டும், எப்படிச் சமைப்பது என்று கேட்க வேண்டும். நான் நாலடி தள்ளி நிற்பேன். சில நாள் எதிர்வீட்டுப் பையனும் சேர்ந்துகொள்வான், அவன் மூன்றாம் வகுப்பு, உருளைக்கிழங்கைத் தவிர உலகத்தில் காய் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஆள்.

சந்தையை மற்ற எல்லாவற்றையும் விட மேலே வைக்கக் காரணம் இந்தப் பேச்சுதான். சூப்பர் மார்க்கெட்டில் காய் ஊமையாக இருக்கிறது, பிளாஸ்டிக் தாளுக்குள் வேர்த்துக் கிடக்கிறது, ஒட்டியிருக்கும் சீட்டில் விலையும் தேதியும் இருக்கும், யார் விளைவித்தார்கள் என்று இருக்காது. இங்கே கேட்டால் கதை வரும். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை, மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் சாக்கின் மேல் சின்னச் சின்னதாகப் பச்சைக் காய்கள் குவிந்திருந்தன. பையன் குனிந்து பார்த்தான்.

"பாட்டி, இது குட்டிப் பாகக்காயா?"

"பாகக்கா இல்ல சாமி, அதலக்கா. யாரும் வெதைக்கிறதில்ல. கரிசக்காட்டுல கெழங்கு உள்ளயே கெடக்கும், மழை பெஞ்சா கொடி தானா வரும்."

"கசக்குமா?"

"கசக்காம? ஆனா பாகக்கா அளவுக்குக் கசக்காது. இன்னைக்கே ஆக்கச் சொல்லு ஆத்தாட்ட. நாளைக்கு வெச்சா வெடிச்சுப்போகும்."

வெடிக்கும் என்ற ஒரு சொல்லுக்காகவே வாங்கிவிட்டான். மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குத்தான் அதலக்காய் தெரியும், கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் படத்தைப் பார்த்துவிட்டு இது என்ன சுண்டைக்காயா என்று கேட்டார். அன்றைக்கு மதியம் சின்ன வெங்காயம் போட்டு வதக்கிக் கொடுத்தேன். பையன் இரண்டு காய் தின்றான், மூன்றாவதைச் சாதத்துக்குள் புதைத்தான். அடுத்த வாரம் அதே பாட்டியிடம் போய், "ரெண்டு சாப்ட்டேன்" என்று அறிக்கை கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினான். பாகற்காய் சாப்பிடு உடம்புக்கு நல்லது என்று நான் ஒரு வருடம் சொல்லியும் நடக்காத விஷயம், அந்தப் பாட்டி என்ன நினைப்பாரோ என்பதற்காக நடந்தது.

பிள்ளைகள் புதுக் காயைக் கண்டு ஒதுங்குவதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் 'நியோஃபோபியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புது உணவைக் கண்டு மிரள்வது இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கும். கசப்பைக் கண்டால் நாக்கு ஒதுங்குவது பிறவியிலேயே வருவது, ஏனென்றால் காட்டில் விஷமுள்ள செடிகள் பலதும் கசக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் பெரியவர்களை விட அதிகம். அமெரிக்க உளவியல் அறிஞர் லியான் பர்ச் பல வருடம் இதையே ஆராய்ந்தவர், ஒரு புது உணவைச் சின்ன அளவில், வற்புறுத்தாமல், திரும்பத் திரும்ப ருசிக்கக் கொடுத்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டினார். எட்டு, பத்து தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே. நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது தடவையிலேயே, "இவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அறிவித்துவிடுகிறோம். பிள்ளைக்கும் அது ஒரு பட்டமாக ஒட்டிக்கொள்கிறது, அதைக் காப்பாற்றுவது அப்புறம் அவன் கௌரவப் பிரச்சினை.

தொடக்கப் பள்ளி வயது இதற்கு நல்ல வயது. மிரட்சி குறையத் தொடங்கியிருக்கும், சேக்காளி என்ன தின்கிறான் என்பதில் கண் இருக்கும், பேரும் நிறமும் ருசியும் சொல்லத் தெரியும். ஐந்தாம் வகுப்பு தாண்டினால் சந்தைக்கு வர வெட்கப்படுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். பார்ப்போம்.

சந்தையில் எனக்குப் பிடித்த பகுதி வாழைப்பழக் கடை. பழத்தில் ருசிப் பாடம் தொடங்க வேண்டுமென்றால் ஆப்பிளைத் தேடிப் போக வேண்டாம், இங்கேயே ஒரே பழத்தில் ஐந்தாறு ருசி இருக்கிறது. பூவனில் இனிப்போடு லேசான புளிப்பு. ரஸ்தாளியில் மாவு மாவாக ஒரு மென்மை, சில பழத்தில் நடுவில் கட்டி கட்டியாக இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் புதையல் எடுத்த மாதிரி. கற்பூரவள்ளி சாம்பல் பூத்த தோல், உள்ளே சர்க்கரை. நேந்திரம் கடிக்கக் கடிக்கக் கெட்டி. செவ்வாழை. அப்புறம் எங்கள் பக்கத்துப் பெருமை, மலைவாழை. திண்டுக்கல் சிறுமலையிலும் பழனி மலையின் விருப்பாச்சிப் பக்கமும் விளைவது, இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல் கிடைத்தது, அந்தப் பஞ்சாமிர்தத்தில் போடுவது விருப்பாச்சிப் பழம். மலைவாழையைக் காய் கணக்கில் விற்பார்கள், விலை கூடத்தான். கண்ணைக் கட்டிவிட்டு நாலு துண்டு வாயில் வைத்து எது எது என்று கேட்டால், இரண்டாம் சுற்றிலேயே பிள்ளைகள் என்னை விட நன்றாகச் சொல்கிறார்கள். எதிர்வீட்டு உருளைக்கிழங்குக்காரன் நாலையும் சரியாகச் சொன்னான். அவனுக்கு நாக்கு இருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, குறைகள். பெயர் சொல்லாமல் எங்கள் ஏரியா சந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எல்லாச் சந்தையும் இப்படி என்று நினைக்க வேண்டாம். முதலில் நேரம். நல்ல சரக்கு வேண்டும் என்றால் ஏழு மணிக்குள் போக வேண்டும், ஒன்பதுக்கு மேல் போனால் கீரை வாடிவிடும், பாதிக் கடை காலி. பள்ளி நாளில் நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சின்னப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கட்டைப்பைகள் மோதும், அதனால் சனிக்கிழமைதான் ஒரே வழி, மாதத்தில் பாதி சனிக்கிழமை பள்ளி வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது, தண்ணீர். குழாய் ஒன்று இருக்கிறது, வருவது அதன் விருப்பம். அங்கேயே ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கழுவிக் கடித்துப் பார்க்கலாம் என்றால் முடியாது, வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். கழிப்பறையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, வீட்டிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரியது. கால் கிலோவுக்குக் கீழே கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ருசி பார்ப்பதற்கு எனக்கு நாலு கோவைக்காய் போதும், ஒரு நூக்கல் போதும், ஐந்து வெண்டைக்காய் போதும். பிள்ளை போய், "அஞ்சு மட்டும் குடுங்க" என்று கேட்கும்போது, "வெளாடுறியா, அங்கிட்டுப் போ" என்று விரட்டிய ஆளும் உண்டு. பெண் அன்றைக்குக் கண் கலங்கிவிட்டாள். அதே வரிசையில் இன்னொரு அண்ணன், "அஞ்சு என்னா பாப்பா, பத்தா எடுத்துக்க, காசு வேணாம்" என்று கையில் திணித்தார். அதில் ஒன்றைக் கழுவிப் பச்சையாகவே கடித்தாள், வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் காரணம். கணக்கு இன்னும் வரவில்லை. வெண்டைக்காய் வந்துவிட்டது. இப்போது நுனியை ஒடித்துப் பார்த்து, பட்டென்று ஒடிந்தால்தான் எடுக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அட்டை மாட்டியிருக்கிற எல்லோரும் விவசாயி இல்லை. வெளி மார்க்கெட்டில் வாங்கி வந்து விற்கிறவர்களும் கலந்திருக்கிறார்கள் என்பது வாடிக்கையாளர்கள் எல்லோரும் முணுமுணுக்கிற விஷயம். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரே கடையில் ஊட்டி கேரட், பீட்ரூட், முருங்கை, கத்தரி எல்லாம் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படு. இரண்டு மூன்று வகைக் காய், அதில் மண், பக்கத்தில் நாலு கட்டுக் கீரை என்று இருந்தால் போய்ப் பேசு.

வாங்கிய பிறகு வீட்டில் என்ன செய்கிறோம் என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நகம் அளவுத் துண்டாக நறுக்கி, ஒரு தாம்பாளத்தில் வைத்துவிடுவேன். பசி நேரமாக இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரமாக இருக்கக் கூடாது. பதினோரு மணி நல்ல நேரம். பிடிக்கவில்லை என்றால் துப்பலாம், அதற்குப் பக்கத்திலேயே ஒரு கிண்ணம். இந்தத் துப்பும் உரிமை கொடுத்த பிறகுதான் தைரியமாக வாயில் வைக்கிறார்கள், துப்புவது குறைவு. 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' என்ற இரண்டை மட்டும் சொல்லக் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் சொல்லலாம். மொறுமொறு, கொழகொழ, நறநற, சதசத, சுருக்குன்னு இருக்கு, மண் வாசம் அடிக்குது, மழை பெய்த மாதிரி இருக்கு. இந்தக் கடைசி ஒன்று பீட்ரூட்டைப் பற்றிப் பையன் சொன்னது, சரியாகவே சொன்னான், மழை பெய்ததும் மண்ணிலிருந்து வரும் வாசத்தைத் தருகிற ஜியோஸ்மின்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. பிரான்சில் ழாக் புய்செ என்ற ஒயின் நிபுணர் 1970களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஐந்து புலன்களையும் வைத்து ருசி வகுப்பு தொடங்கினார், அது ஸ்வீடன், பின்லாந்து வரை போயிருக்கிறது. நமக்கு அறுசுவை என்று கைக்கணக்கு இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டேன்.

புளிப்புக்கு மாங்காயும் புளிச்சக்கீரையும், கார்ப்புக்குப் பச்சை முள்ளங்கி, கசப்புக்கு வேகவைத்த பாகல். உவர்ப்புக்குக் காய் தேடினால் கஷ்டம், கல் உப்பையே வைத்துவிடுவேன், அதையும் பாகற்காயோடு சேர்த்துத் தின்னச் சொல்வேன், ஏனென்றால் உப்பு நாக்கில் கசப்பை அடக்கும். பாகற்காயை உப்புப் பிசறி வைத்துச் சமைக்கிற நம் வீட்டுப் பழக்கத்தின் காரணம் பாதி இதுதான். துவர்ப்புதான் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். வாழைப்பூவின் உள் குருத்தை ஒரு கடி கடிக்கச் சொன்னால், "நாக்கு காஞ்சு போச்சு" என்கிறார்கள். அதில் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயில் வழவழப்பு போய்விடுகிறது. இதைச் சொன்னதும் கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்த்தார்கள், அங்கே என்ன தெரியும் என்று எதிர்பார்த்தார்களோ.

நெல்லிக்காயை மட்டும் தவறவிடாதீர்கள். பெரிய நெல்லியில் ஒரு சுளையை மென்று விழுங்கிவிட்டு உடனே பச்சைத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும். நாம் எல்லோரும் பள்ளிக்கூட வாசலில் செய்ததுதான், ஆனால் இந்தத் தலைமுறையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பையன் தண்ணீரில் நான் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணினான், அவனே குழாயில் பிடித்துக் குடித்த பிறகும் நம்பவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கொய்யாவைத் தின்று, பாதியில் மூக்கை விடுவதும் அதே அளவு வேடிக்கை, ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வாசம் என்பது அந்த ஒரு வினாடியில் புரிந்துவிடுகிறது.

எதையெல்லாம் பச்சையாகக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், உற்சாகத்தில் எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிடாதீர்கள். பீன்ஸ், அவரைக்கொட்டை வகைகளை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கருணை, சேனை, சேம்பு பச்சையாக நாக்கில் பட்டால் அரித்துவிடும், ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சுரைக்காயும் வெள்ளரியும் கசந்தால் உடனே துப்ப வேண்டும். பாகற்காயின் கசப்பு வேறு, சுரைக்காயில் திடீரென்று வரும் கசப்பு வேறு, அது குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள், கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரே போன ஆட்கள் இந்தியாவில் உண்டு. என் பெண் இதைப் பள்ளியில் போய்ச் சொல்லி, யாரோ ஒரு குழந்தை வீட்டில் சுரைக்காய்க் கூட்டே வேண்டாம் என்று அழுததாகக் கேள்வி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கை கூட உட்கார்ந்தால் திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மாலில் நடந்த வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பிள்ளைக்கு 600 ரூபாய், இரண்டு மணி நேரம், தலையில் வெள்ளைத் தொப்பி. ப்ரோக்கோலி, செர்ரித் தக்காளி, மஞ்சள் குடைமிளகாய், எல்லாம் ஏற்கெனவே நறுக்கி டப்பாவில். பிள்ளைகள் அதைக் குச்சியில் குத்தி, மேலே சீஸ் சாஸ் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சாஸ் நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்த பெண் அன்பானவர், குறை அவரிடம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் சாப்பாட்டில் அந்தக் காய்கள் எதுவும் வரப் போவதில்லை, நாங்கள் அன்றாடம் வைக்கும் புடலங்காயையும் பீர்க்கங்காயையும் அந்த வகுப்பு ஒருமுறை கூடக் கண்ணில் காட்டவில்லை.

இங்கிலாந்தில் 4 முதல் 6 வயது வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு பழமோ காயோ இலவசமாகக் கொடுக்கிறார்கள், சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தி பேத்தி சும்மா உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பரிதாபப்பட்டு முறுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில்தான் தொடங்கியது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பசியோடு வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம், அதில் எனக்கு மறு பேச்சு இல்லை. ஆனால் சாம்பாருக்குள் கிடக்கும் காயை விரலால் ஒதுக்கி வைக்கிற பிள்ளைக்கு அந்தக் காயோடு அறிமுகமே ஆகவில்லை. காலை சாம்பாரில் போடப் போகிற கேரட்டையோ முருங்கைக்காயையோ வகுப்பில் ஐந்து நிமிடம் கையில் கொடுத்து, முகர்ந்து, ஒரு துண்டு கடித்துப் பார்க்கச் சொன்னால் போதும். வாரம் ஒரு காய். செலவு ஏறக்குறைய இல்லை.

சந்தைக்குப் போனதால் என் பிள்ளைகள் எல்லாம் தின்கிறார்களா என்று கேட்டால், இல்லை. பையன் கத்தரிக்காயை இன்னும் தொடுவதில்லை, வழவழ என்று இருக்கிறதாம், எண்ணெயில் வறுத்து மொறுமொறுப்பாகக் கொடுத்தால் மட்டும் யோசிக்கிறான். பெண்ணுக்குப் பப்பாளி வாசம் ஆகவே ஆகாது, அது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் முப்பது முப்பத்தைந்து காய் பேர் தெரியும், முற்றல் எது பிஞ்சு எது தெரியும், பொரியலில் என்ன காய் என்று கேட்காமல் அவர்களே சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பையன் கொத்தவரங்காய்க்கு முன்னேறியிருக்கிறான். அவன் அம்மா என்னிடம் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நினைக்கிறார், ஐம்பது ரூபாய் என்று சொன்னால் நம்பவில்லை.

போகிறவர்கள் பருவம் பார்த்துப் போங்கள். மாசி பங்குனியில் கொடுக்காப்புளி வரும், சித்திரை வைகாசியில் நுங்கும் மாங்காயும், ஆனி ஆடியில் நாவல்பழம், நாக்கு ஊதாவாகிவிட்டால் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது, சட்டை மட்டும் பழசு போட்டு அனுப்புங்கள். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம், ஓடு உடைத்து வெல்லம் போட்டுப் பிசைந்து கொடுக்கலாம். மழைக்காலத்தில் சீதாப்பழமும் அதலக்காயும், பொங்கலுக்குப் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் மொச்சையும். நாவல், விளா மாதிரிப் பழங்கள் சில நாள் உள்ளே இருக்காது, வாசலுக்கு வெளியே கூடை வைத்திருப்பவர்களிடம்தான் கிடைக்கும், அங்கே பலகை விலை செல்லாது, பேரம் பேச வேண்டும், அதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்தத் தண்ணீர்க் குழாயைச் சரி செய்தால் நாலரை. சில்லறையாகப் பத்து ரூபாய்த் தாள்கள் கொண்டு போங்கள், ஐந்நூறை நீட்டினால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணிப்பை ஆளுக்கு ஒன்று, சின்னதாக, பிள்ளை தூக்குகிற அளவில். முள்ளங்கி வாங்கினால் இலையோடு கேளுங்கள், கீரையாக வதக்கலாம், அதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டார்கள்.